பரமசிவம் வாங்கிய மூன்றாவது கண்

ஓசூர் சிப்காட்டில் முடி நரைக்கும் வரை மெஷின் செட்டராக இருந்து ஓய்வு பெற்ற பரமசிவத்துக்கு, உலகத்தில் ஏதாவது ஒன்று சரியாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஐடிஐ சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்கிய அன்றே, பேருந்து நிலையத்துக் கடிகாரம் தாமதமாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தவர். பெண் பார்க்கப் போன வீட்டில், சுவரில் சாய்ந்து தொங்கிய பெரியவர் படம் ஒன்றை எழுந்து நேராக்கிவிட்டுத்தான் பெண்ணைப் பார்த்தார். ‘மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு!’ என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள். அது பொறுப்பா வியாதியா என்று கண்டுபிடிக்கக் கோமதிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

செட்டர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் வைத்த கடைசல் மெஷினில், வெட்டுகிற கத்தி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ‘ஆஃப்செட்’ என்கிற எண்ணைப் போட்டு நிறுத்துகிறவர் செட்டர். காலையில் ஏ ஷிப்ட், மதியத்துக்கு மேல் பி ஷிப்ட், ராத்திரி சி ஷிப்ட் என்று ஒரே மெஷினுக்கு மூன்று செட்டர்கள். முந்தின ஷிப்ட்காரன் விட்டுப் போன செட்டிங்கை அப்படியே ஓட்டுவது, அடுத்தவன் தேய்த்த பல் பிரஷ்ஷை வாங்கித் தேய்ப்பதற்குச் சமம் என்பது அவர்கள் சாஸ்திரம். ஆகையால் ஏ ஷிப்ட் கூட்டியதை பி ஷிப்ட் குறைக்கும். பி ஷிப்ட் குறைத்ததை சி ஷிப்ட் கூட்டும். கெட்டுப்போன துண்டுகள் தொட்டியில் விழும்போதெல்லாம் மூன்று பேரும் மெஷினைத்தான் திட்டுவார்கள். மெஷினுக்கு வாய் இருந்திருந்தால் யூனியன் வைத்திருக்கும்.

ஓய்வு பெற்றதும் பரமசிவம், உத்தனப்பள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையில் ஒரு சின்ன மாந்தோப்பை வாங்கி, அதற்குள் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு குடியேறினார். செந்தூராவும் பெங்களூராவும் கலந்த தோப்பு. அதன் மேல் அவருக்கு உண்மையான ஆசை. விடிந்ததும் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மரங்களோடு பேசுவார். அந்த ஆசையில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

மரங்கள் காய்த்தன. குரங்குகள் பறித்தன. முதல் வருஷம் கூட்டமாக வந்தன, இரண்டாம் வருஷம் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. அஞ்செட்டிக் காட்டிலிருந்து ஒரு கூட்டம் லாரி பிடித்து வந்ததாகக்கூட ஊரில் பேச்சு. லாரியை ஓட்டியது யார் என்பதில் மட்டும்தான் கருத்து வேற்றுமை இருந்தது.

மூன்றாம் வருஷம் பிஞ்சு பிடித்த உடனே கோமதி பரணிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கி நடு வீட்டில் வைத்தாள்.

“இங்க பாருங்க. வைகாசி பொறந்ததும் மொத ஞாயித்துக்கிழம மாதவன் கார எடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு இந்தக் கூட நம்ம தோப்பு மாங்காயில நெறையணும். நெறைஞ்சா இங்கயே இருப்போம். நெறையலையா, தோப்ப வித்துட்டு அவன்கூட பெங்களூருக்குப் போயிருவோம். இதுல மறுபேச்சு கெடையாது.”

“ஏளா, கூடை கொஞ்சம் சாஞ்சு இருக்கே” என்றார் பரமசிவம், அதை நேராக்கியபடி.

கோமதிக்குப் பெங்களூரின் மேல் பெரிய மோகம் எதுவும் இல்லை. மகன் மாதவன் வீடு மேகம் முட்டுகிற மாடியில் இருந்தது. கதவைத் திறந்தால் எதிரில் இன்னொரு கதவு, அதைத் திறந்தால் யாரோ. ஆனாலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கம்பெனி இருந்தவரை புருஷன் ஒரு ஷிப்ட்தான் வீட்டில் விழித்திருந்தார். இப்போது மூன்று ஷிப்டும் வீட்டில். குழம்பில் உப்பு, கோலத்தில் புள்ளி, துணி காயப்போடுகிற கொடியின் தொய்வு என்று எல்லாவற்றையும் செட் செய்தார். பெங்களூர் போனால் மகன், மருமகள் என்று இன்னும் இரண்டு மெஷின்கள் கிடைக்கும், திருகல் மூன்றாகப் பங்கு போகும். குரங்கு ஒரு சாக்கு. அதை அவள் வெளியே சொல்லவில்லை. அவருக்குத் தானாகத் தெரிய வாய்ப்பும் இல்லை.

பரமசிவம் போர்க்கால நடவடிக்கையில் இறங்கினார். பட்டாசு போட்டார். முதல் நாள் குரங்குகள் ஓடின, இரண்டாம் நாள் வேடிக்கை பார்த்தன, மூன்றாம் நாள் வெடி தீர்ந்ததும் அடுத்தது எங்கே என்று காத்திருந்தன. ஓர் எண்ணெய் டின்னில் பழைய போல்ட்டுகளைப் போட்டு மரத்தில் கட்டினார். ஒரு குட்டி அதை அவிழ்த்துக்கொண்டு போய், எதிர்க் குன்றில் உட்கார்ந்து சாயங்காலம் வரை மேளம் வாசித்தது. தாளம் தப்புகிறது என்று பரமசிவம் கீழேயிருந்து கத்தியதைக் கேட்டவர்கள் உண்டு.

அடுத்த தோப்புக்காரர் திம்மப்பனுக்கும் இதே தலைவலிதான். உள்ளூர்க்காரர். அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை; இவர் தலையெடுத்து ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டி, ஓய்வுப் பணத்தில் சொந்தமாகத் தோப்பு வாங்கியவர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பரமசிவத்தோடு தமிழ். மூன்று மொழியிலும் பிடிவாதம் ஒன்றுதான்.

“இன்னா சாரே, கல்லு உட்டா குரங்கு திருப்பி உடுது” என்றார் திம்மப்பன். “நம்மளுக்குத் தோட்டா வேணும்.”

“குரங்கச் சுட்டா ஜெயில் வேய்.”

“குரங்க யாரு சுடுறாங்கோ? சத்தத்தச் சுடுவோம்.”

யோசனை இதுதான். இரண்டு தோப்புக்கும் நடுவில் நிற்கிற பெரிய மரத்தின் இலைகளுக்குள் ஒரு எவர்சில்வர் தட்டைத் தொங்கவிடுவது. பரமசிவம் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே காற்றுத் துப்பாக்கியால் அந்தத் தட்டை அடிப்பது. மனுஷன் பக்கத்தில் இல்லாமல் தலைக்கு மேல் கோயில் மணி போல ‘ணங்’ என்று கேட்டால் குரங்குக்குக் குலை நடுங்கும். பின்னால் மண் மேடு, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். தட்டு பெரிதாக இருந்தால் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னத் தட்டு.

கோமதி தட்டைக் கொடுத்தாள். கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தாள். “ஒரு குண்டு ஆஞ்சநேயர் பிள்ளை மேல பட்டுதுன்னு வைங்க, சனிக்கிழமை வடைமாலை உங்க கழுத்துலதான்.”

துப்பாக்கி ஆளுக்குப் பாதிக் காசில் வந்தது. வாசலிலிருந்து பார்த்தால் தட்டு ஒரு மின்மினி அளவுக்குத்தான் தெரிந்தது. துப்பாக்கியின் நுனியில் இருந்த இரும்பு மொட்டை வைத்துக் குறி பார்த்தால், மொட்டு தட்டையே மறைத்தது. உடனே பரமசிவம் இணையத்தில் ஒரு தொலைநோக்கிக் குறிகாட்டியை வரவழைத்தார். கடைக்காரர்கள் அதை ஸ்கோப் என்கிறார்கள். துப்பாக்கி முதுகில் ஏறி உட்காருகிற ஒரு கறுப்புக் குழாய். முன்பக்கம் அகலக் கண்ணாடி, பின்பக்கம் சின்னக் கண்ணாடி, உள்ளே கூட்டல் குறி போல மெல்லிய கம்பிகள். உச்சியில் ஒரு திருகு, பக்கவாட்டில் ஒரு திருகு. உச்சித் திருகைத் திருப்பினால் குண்டு விழுகிற இடம் மேலோ கீழோ நகரும். பக்கத் திருகைத் திருப்பினால் இடமோ வலமோ. திருப்பும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும் பரமசிவத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கோமதி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. திருகுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

பெயரிலேயே மூன்றாவது கண்ணுக்கு உரிமை உள்ளவர். முதல் நாளே அது திறந்தது. டூல் ரூமில் மைக்ரோஸ்கோப்பைக் கண்ணோடு அழுத்திப் பார்த்த பழக்கத்தில், ஸ்கோப்பின் பின் கண்ணாடியில் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு விசையை இழுத்தார். ஸ்பிரிங் துப்பாக்கி குதிரை மாதிரி பின்னால் உதைத்தது. குழாயின் விளிம்பு புருவத்துக்கு மேல் அழகாக ஒரு அரைவட்டம் போட்டது. பரமசிவத்துக்குப் பிறை வந்தாயிற்று, கங்கை ஒன்றுதான் பாக்கி. திம்மப்பன் பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியதும் அந்தக் குறையும் தீர்ந்தது.

“ஏனு சார் இது, ரத்தம் வருது!”

“ரத்தம் கிடக்கட்டும் வேய். குண்டு எங்க போச்சு?”

குண்டு எங்கே போனது என்பது இன்று வரை தெரியாது. கண்ணை நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் கறுப்பு விழாமல் முழு வட்டமாகக் காட்சி தெரியும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டே சொல்லியிருந்தார்கள். ஆனால் தாளைப் படிப்பது டிரெய்னிப் பையன்களின் வேலை. சீனியர் செட்டர் தாளைக் கத்தரிக்காய் மடிக்கப் பயன்படுத்தினார்.

அடுத்து மடங்கு. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப் அது. ஒன்பது இருக்கும்போது எவனாவது மூன்றில் வைப்பானா? ஒன்பதில் வைத்தார்கள். தட்டு ஒன்பது மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கூடவே கை நடுக்கம் ஒன்பது மடங்கு, மூச்சு ஒன்பது மடங்கு, நெஞ்சுத் துடிப்பு ஒன்பது மடங்கு. கூட்டல் குறி கள்ளுக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் போலத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பரமசிவம் தனக்கு இருதயக் கோளாறு என்று முடிவு செய்து, கெலமங்கலம் டாக்டரிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை; டாக்டரின் ரத்த அழுத்தக் கருவியில் செட்டிங் தப்பு. ஒரு நாள் தற்செயலாக, மடங்கை மாற்றுகிற வளையம் நாலுக்கு நழுவியபோதுதான் நடுக்கம் அடங்கியது. அதன் பிறகு யாரும் வளையத்தைத் தொடவில்லை. திருகைத் தொட்டார்கள்.

காவலுக்கு ஆள் மாற வேண்டுமே. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாகவே ஷிப்ட் வந்துவிட்டது. காலையில் பரமசிவம் ஏ ஷிப்ட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திம்மப்பன் பி ஷிப்ட். திம்மப்பனின் மனைவி சாந்தம்மா இரண்டு ஷிப்டுக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். கேன்டீன் டீ மாதிரி இல்லையே என்று இருவரும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

பரமசிவம் காலையில் ஒரு குண்டு சுடுவார். தட்டுக்கு வலது பக்கம் இலை ஆடும். இடது பக்கம் திருகுவார். அடுத்த குண்டு கீழே போகும். மேலே திருகுவார். அடுத்தது இடது பக்கம். வலது பக்கம் திருகுவார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தீர்ப்பு, ஒவ்வொரு தீர்ப்புக்கும் நாலு டிக். மதியம் எழுந்து போகும்போது, “செட் பண்ணி வச்சிருக்கேன் வேய். கண்ண மூடிட்டுச் சுடலாம்” என்பார்.

திம்மப்பனும் ஒரு குண்டு சுடுவார். சாயங்காலம் எழுந்து போகும்போது, “சாரே, மைக்ரான்ல வச்சிருக்கேன். நாளைக்குப் பாருங்கோ” என்பார்.

நாளைக்குப் பரமசிவம் பார்ப்பார். தட்டு நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்படியே சித்திரை போனது. தட்டைத் தவிர எல்லாவற்றிலும் குண்டு பட்டது. ஒரு குண்டு ஒரு செந்தூராவின் காம்பைச் சீவிவிட, காய் கீழே உட்கார்ந்திருந்த கிழட்டு ஆண் குரங்கின் மடியில் பொத்தென்று விழுந்தது. மறுநாளிலிருந்து அந்த மரத்தடியில் குரங்குகள் ரேஷன் கடை வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தன, துப்பாக்கியைத் தூக்கத் தாமதமானால் வரிசையில் முணுமுணுப்புக் கேட்டது என்று சாந்தம்மா கெலமங்கலம் சந்தையில் சொன்னாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். கிழட்டுக் குரங்குக்கு மற்றவை முதலிடம் விட்டன என்பதை மட்டும் நம்பலாம்.

கூடை நடு வீட்டிலேயே இருந்தது. கோமதி அதைத் தினமும் துடைத்து வைத்தாள். உள்ளே ஒரு காய் கிடையாது. மாதவன் போனில், “அம்மா, தோப்புக்கு ஒரு பார்ட்டி கேட்கிறாங்க. வரும்போது கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். பரமசிவம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, தோப்புக்குள் போய்க் கடைசி வரிசை மரத்தில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அன்றைக்கு அவர் குழம்பைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. கோமதிக்கு அதுதான் என்னவோ போல் இருந்தது.

மறுநாள் மதியம் ஷிப்ட் மாறி வீட்டுக்குள் போனவர், மூக்குக் கண்ணாடியை வாசலிலேயே விட்டுவிட்டதால் திரும்பி வந்தார். திம்மப்பன் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியில் குண்டுகூடப் போடவில்லை. ஸ்கோப்பின் மூடியைக் கழற்றினார். திருகைப் பிடித்தார். டிக், டிக், டிக், டிக்.

“யோவ்! என்ன வேய் செய்தீரு?”

திம்மப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். “செட்டிங் பண்றேன் சார்.”

“ஒரு குண்டுகூடச் சுடல. எதைப் பாத்து செட்டிங்?”

“சுட்டுப் பாக்கறது இன்னாத்துக்கு? ஏ ஷிப்ட் வச்சதுன்னா தப்பாத்தான் இருக்கும்.”

“எவ்வளவு தைரியம் வேய்! நான் காலைல பூரா ஒக்காந்து வச்சது!”

“நீங்க மட்டும்? காத்தால வந்த ஒடனே இன்னா பண்றீங்கோ? சொல்லுங்கோ பாக்கலாம்.”

 காலையில் வந்து உட்கார்ந்ததும் அவர் செய்கிற முதல் காரியமும் அந்த நாலு டிக்தான். அதை ஒரு வேலை என்றே அவர் நினைத்ததில்லை. செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாகச் செய்வது.

“அது... நீரு சாயங்காலம் கெடுத்து வைக்கிறதச் சரி பண்ணுதேன்.”

“நான் நீங்க கெடுத்ததச் சரி பண்றேன்.”

“அப்பம் யாரு வேய் கெடுக்கது?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துப்பாக்கியைப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னலில் கோமதி சிரித்த சிரிப்பில் தாளிப்புக் கருகிவிட்டது. சாந்தம்மா டீயை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு மாசமா ரெண்டு பேரும் சேந்து ஒரு குழாய முன்னாலயும் பின்னாலயும் திருகிக்கினு இருந்திருக்கீங்கோ. கொரங்குங்கோ எவ்ளோ பொறுமையா இருந்திருக்குது!”

அவமானம் ஆளைச் சுறுசுறுப்பாக்கும். அன்று மதியமே ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தட்டு தொங்குகிற மரத்தடியில் நிறுத்தி, நடுவில் கரியால் ஒரு புள்ளி வைத்தார்கள். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் சாய்த்தார்கள். பிறகு, ஓசூர் தொழில் பேட்டையின் வரலாற்றில் எந்த இரண்டு ஷிப்டும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். ஐந்து குண்டு சுடும் வரை யாரும் எதையும் திருகுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முதல் குண்டு வலது பக்கம் போனதும் பரமசிவத்தின் கை தானாக எழுந்தது. திம்மப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது குண்டுக்குத் திம்மப்பனின் கை எழுந்தது. பரமசிவம் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்கள் கைகோத்துக்கொண்டு துப்பாக்கி சுடுகிற காட்சியைப் பார்க்கச் சாந்தம்மா தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அட்டையை எடுத்துவந்து பார்த்தார்கள். ஐந்து ஓட்டைகளும் ஒரு தோசைக் கரண்டி அகலத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தன. புள்ளியிலிருந்து மேலே வலது பக்கமாகத் தள்ளி, ஆனால் ஐந்தும் ஒன்றாக. துப்பாக்கி ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகத்தான் சுட்டிருக்கிறது. காற்று, கை, மூச்சு என்று ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் அங்கே இங்கே போகத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தை ஒவ்வொரு தடவையும் துரத்தித் துரத்தித் திருகியதில் ஸ்கோப் ஊர் சுற்றியிருக்கிறது. ஐந்தின் நடுவைப் பார்த்து, அது புள்ளிக்கு வருகிற அளவு ஒரே ஒரு தடவை திருகினால் போதும்.

“அஞ்சு பீஸ் அளந்து சராசரி எடுத்துட்டு ஆஃப்செட் போடுன்னு எத்தனை டிரெய்னிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார் பரமசிவம் ஈனக் குரலில்.

“நானும் சொல்லிக் குடுத்திருக்கேன் சார்” என்றார் திம்மப்பன். “நாம எப்பவாச்சும் செஞ்சோமா?”

இன்னொரு சிக்கலும் அன்று தெரிந்தது. பரமசிவத்துக்கு ஒட்டகக் கழுத்து; கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் தாழ்த்தி வைப்பார். திம்மப்பனுக்குக் கழுத்தே கிடையாது, நிமிர்த்தி வைப்பார். கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து விலகினால், கூட்டல் குறி தட்டின் மேல் நகர்ந்த மாதிரித் தெரியும். சினிமாக் கொட்டகையில் இடம் மாறி உட்கார்ந்தால் கதாநாயகி தூணுக்குப் பின்னால் மறைந்துவிடுகிற மாதிரி. ஆகவே கட்டையில் ஒரு துணியைச் சுற்றி, இருவரும் கன்னத்தை அங்கேதான் பதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். கடைசித் திருகலைத் திம்மப்பன் திருகினார். பரமசிவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுத்த ஐந்தும் கரிப் புள்ளியைச் சுற்றி விழுந்தன.

“இத அப்படியே பூட்டணும்” என்றார் திம்மப்பன். “கம்பெனியில செட் பண்ண போல்ட்டு மேல மஞ்ச பெயின்ட் வப்போமே, எவனாச்சும் தொட்டா விரிசல் உடும்.”

பெயின்ட் இல்லை. கோமதி மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, இரண்டு திருகுகளின் மேலும் கெட்டியாக அப்பி, ஆயுத பூஜை மாதிரி ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். “இதுல கீறல் விழுந்துது, ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது” என்றாள்.

ஆனால் குரங்குகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை. நாகரசம்பட்டியில் ஏதோ ஒரு தோப்பில் விருந்து என்று பேசிக்கொண்டார்கள். குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது, சும்மா தட்டை அடித்துப் பார்த்தால் அந்தச் சத்தமும் பழகிவிடும். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காவல் காத்தார்கள். மரங்களில் இருப்பதோ, குரங்குகள் தின்றது போக மிஞ்சியது. ‘ஞாயிற்றுக்கிழமை பறிப்போம், ஒரு நாளாவது கூடுதலாக முற்றட்டும்’ என்று பரமசிவம் ஒரு காயைக்கூடத் தொடவில்லை.

ஞாயிறு காலை மாதவனின் கார் வந்து நின்றது. நல்ல வேளை, தோப்பு கேட்ட பார்ட்டியை அவன் கூட்டிவரவில்லை. போன் நம்பரை மட்டும் வைத்திருந்தான். கோமதி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்புப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எதிர்க் குன்றிலிருந்து இறங்கின. தாய்கள், குட்டிகள், கிழட்டு ஆண். அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு வருகிறவர்கள் மாதிரி. முதல் வரிசை நேராக அந்தப் பெரிய மரத்தில் ஏறியது.

ஏ ஷிப்ட் நேரம். பரமசிவம் துப்பாக்கியை எடுத்து மூட்டையில் சாய்த்தார். கன்னத்தைத் துணியில் பதித்தார். வட்டத்துக்குள் தட்டு. தட்டின் மேல் கூட்டல் குறி.

தள்ளி இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு மயிரிழை இடது பக்கம். திம்மப்பன் வைத்த செட்டிங். பி ஷிப்ட் வைத்தது. ஒரே ஒரு டிக் போதும் என்று அவருடைய விரல் சொன்னது. கை உயர்ந்தது. விரல் நுனியில் காய்ந்த மஞ்சள் சொரசொரத்தது.

“அப்பா, அட்ஜஸ்ட் பண்ணணுமா? நான் பிடிச்சுக்கவா?” என்றான் மாதவன்.

கோமதி கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல், அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலி ஓரத்தில் திம்மப்பனும் மூச்சு விடாமல் நின்றார். மரத்திலிருந்து முதல் காய் கீழே விழுந்தது, பாதி கடித்தது.

பரமசிவம் கையை இறக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தன் வைத்ததை வைத்தபடியே விட்டுவிட்டு, விசையை இழுத்தார்.

ணங்.

அந்தச் சத்தம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை கேட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தில் ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு இலைகள் கொட்டின. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவவில்லை, தரையில் குதித்தே ஓடின. ஒரு தாய் தன் குட்டியை விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போனது. கிழட்டு ஆண் மட்டும் குன்றின் பாதியில் நின்று, இத்தனை நாள் பழக்கத்துக்கு இதுவா மரியாதை என்பது போலத் திரும்பிப் பார்த்தது.

“பாத்தீங்களா சார் பி ஷிப்ட் செட்டிங்!” என்று திம்மப்பன் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார்.

“நான் சுட்டேன் வேய்!”

“நீங்கோ சும்மா இருந்தீங்கோ. அதான் பட்டுது.”

எல்லோரும் பறித்தார்கள். மாதவன் மரம் ஏறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். திம்மப்பன் தொரட்டியால் இழுக்க, சாந்தம்மா முந்தானையில் பிடித்தாள். கடைசிக் காய் வரை கூடையில் விழுந்ததும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கூடை விளிம்பு வரை வரவில்லை. ஒரு வரிசை குறைந்தது. வேண்டாதவர்கள் பார்த்தால் ஒன்றரை வரிசை.

 பரமசிவம் குனிந்தார். சாய்த்துப் பார்த்தார். உள்ளே கையை விட்டு, மேல் காய்க்கும் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு என்று விரலால் அளந்தார். தோப்பு போகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாக்கு நிற்குமா?

“ஏளா கோமதி, உள்ளதைச் சொல்லணும்லா... இன்னும் நாலு விரல்...”

“நீங்க கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க” என்றாள் கோமதி. முந்தானையை எடுத்துக் கூடை மேல் போட்டு மூடினாள். “கூட என்னுது. நெறைஞ்சுதா இல்லையான்னு நான் சொல்லுவேன். நெறைஞ்சுட்டு.”

“அம்மா, அப்போ கிளம்பலையா?” என்றான் மாதவன்.

“இவ்வளவு மாங்காய வச்சிக்கிட்டு எங்கடா கெளம்ப? ஊறுகா யாரு போடுவா? அந்தப் பார்ட்டி நம்பர அழி மொதல்ல.”

பரமசிவத்துக்கு இன்னும் நாலு விரல் பாக்கி என்பதைச் சொல்லி முடிக்காத வேதனை இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். கோமதி ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று கவனித்தாள். ஊறுகாய்க்குப் பாதிக் காய் நறுக்குகிற வரை தாங்கினார். காய்த் துண்டுகளின் அளவு ஒன்று போல இல்லை என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது, அவள் அரிவாள்மனையை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, சாந்தம்மாவோடு கதை பேசப் போனாள்.